இடப்பக்கம் நடந்த கழுதைக்குட்டி

"கழுதையத் திருப்பு மல்லிகா."

"திருப்ப முடியாது."

"எல்லாப் படக்கதையிலயும் ஆளு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம்தான் போவான். கொழந்த எப்படிப் படிக்குதோ அப்படி. உன் கழுதை மட்டும் எதிர்ல வருது."

"எதிர்ல வரல. சரியாத்தான் போவுது. நீதான் அண்ணே தப்பான எடத்துல நின்னு பாக்கற."

மை காயாத புரூஃப் தாளை, துவைத்த பனியனைப் பிடிப்பதுபோல, இரண்டு முனையிலும் விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறார் அப்பா. காகிதக் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரி தின்கிறாள் அத்தை, அப்பாவின் தங்கை. விரல்களில் இந்தியன் இங்க். பொரியிலும் கொஞ்சம். நான் கட்டிங் மிஷினுக்குக் கீழே, வெட்டி விழுந்த கலர் நறுக்குகளைக் காலில் சுற்றிக்கொண்டு கிடக்கிறேன். ஈய அச்செழுத்துகளைக் கழுவிய மண்ணெண்ணெய் வாசனை.

'குட்டிக்கரணம்' என்று யாராவது சொன்னால் எனக்குள் முதலில் எரிகிற விளக்கு இதுதான். அப்பாவின் அச்சகத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அங்கிருந்து வாராவாரம் வெளியான குழந்தைகள் பத்திரிகையைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு வாரம் மழை என்று எழுதினேன், ஒரு வாரம் மாடவீதி என்று எழுதினேன். போன மாதம் வந்த ஒரு ஃபோன் என்னைப் பிடித்து இழுத்து இங்கே உட்காரவைத்துவிட்டது.

கல்யாணத்தில் மிஞ்சியது

சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்துப் பையன். குரலில் அவசரம்.

"மேடம், கழுதைக்குட்டிக் கதைய புக்காப் போடறோம்ல, எல்லாப் பக்கமும் ஸ்கேன் பண்ணிட்டோம். கதை பாதியில நிக்குது. லாஸ்ட் பேஜ் மட்டும் வேணும். வரைஞ்சவங்க இருக்காங்களா? இல்லன்னா நாங்களே ஆர்ட்டிஸ்ட் வெச்சு முடிச்சிக்கறோம்."

நாங்களே முடிச்சிக்கறோம். ஃபோனை வைத்த பிறகும் அந்த வார்த்தை அன்று முழுக்க என்னை விடவில்லை.

அவனுக்கு எப்படிச் சொல்வது? அது பத்திரிகையே இல்லை, எங்கள் வீடு.

அப்பாவின் அச்சகம் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போனது. முகூர்த்த மாதங்களில் மிஞ்சும் மஞ்சள் தாளும் ரோஸ் தாளும் மூலையில் குவிந்து கிடக்கும். அம்மா பால்வாடியில் டீச்சராக இருந்தவள். ஒரு நாள் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "இதுல என் புள்ளைங்களுக்கு ஒரு புஸ்தகம் அடிச்சுக் குடுங்களேன்" என்றாள்.

"படிக்கத் தெரியாத பசங்களுக்குப் புஸ்தகமா?"

"நீங்க அடிக்கிற கல்யாணப் பத்திரிகைய மட்டும் யாரு படிக்கிறா? தேதியப் பாத்துட்டு கூரை எரவாணத்துல சொருவிடறாங்க."

கடைகளில் தொங்கிய படக்கதைகளில் எல்லாம் துப்பாக்கி இருந்தது, குதிரை இருந்தது, வாக்கியம் வாக்கியமாய் வசனம் இருந்தது. மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் யாரும் எதுவும் அடிக்கவில்லை. அப்படித்தான் பிறந்தது 'குட்டிக்கரணம்'. நடுவில் பின் அடித்த சின்னஞ்சிறு புத்தகம். வெள்ளிக்கிழமைதோறும் வரும். ஆவணியில் மஞ்சள், தையில் ரோஸ். கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வெறும் வெள்ளை. எந்த மாதம் என்பது எங்களுக்குக் காலண்டரில் தெரியாது, காகிதத்தில் தெரியும்.

வேலை செய்யும் முறையும் தலைகீழ். முதலில் அத்தை படம் வரைவாள், கதை எதுவும் தெரியாமல். பிறகு அம்மா அந்தப் படத்துக்குக் கீழே வார்த்தை போடுவாள். ஒரு குழந்தை ஒரு மூச்சில் எவ்வளவு சொல்லுமோ அவ்வளவுதான் வார்த்தை. அதற்கு மேல் ஒரு சொல் இருந்தாலும் அடித்துவிடுவாள். அண்ணியை மாட்டிவிட வேண்டும் என்றே அத்தை வம்புக்கு வரைவாள். ஒரு வாரம் தவளை குடை பிடித்துக்கொண்டு பாம்பின் வாலில் உட்கார்ந்திருந்தது. அம்மா கீழே எழுதினாள்: 'மழை நின்றதும் பேசிக்கொள்ளலாம்.'

பென்குவினுக்குப் பின்னால்

அத்தையிடம் ஒரு நோய் இருந்தது. எதை வரைந்தாலும் பின்னால் எங்கள் மலை வந்து நின்றுவிடும். சிங்கராஜா குகைக்குப் பின்னால் மலை. கப்பலுக்குப் பின்னால் மலை. ஒருமுறை பனிப்பாறையில் பென்குவின், அதற்குப் பின்னாலும் அண்ணாமலை.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, அங்க ஏது நம்ம மலை?"

"மலை இல்லாம எனக்குத் தரை நிக்க மாட்டேங்குது அண்ணே."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பில்லை. நாங்கள் வழி சொல்வதே மலையை வைத்துத்தான். 'மலைப் பக்கம் திரும்பு' என்போம். வலது இடது என்பது வெளியூர்க்காரர்களின் கவலை. 'முயலுக்கு வழி காட்டு' என்ற கோணல் கோட்டுப் புதிருக்குக் கீழே அம்மாவும் அப்படியே எழுதிவிட்டாள்: 'மலைப் பக்கம் திரும்பினால் கேரட்.' கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் கார்டு போட்டாள். 'எங்கள் ஊரில் கடல்தான் இருக்கிறது, என் மகன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?' அடுத்த இதழில் அம்மாவின் பதில்: 'கடலுக்கு முதுகைக் காட்டுங்கள்.'

நான் அலைகிறவள். பல ஊர்களில் வாடகைக்கு இருந்துவிட்டேன். இன்றும் புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கழுத்து தானாக அண்ணாந்து எதையோ தேடும். இல்லாத இடத்தில் வானம் சும்மா காலியாக இருக்கும்.

வேலூர் பஸ்

எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது அம்மாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்ன வியாதி என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. 'ஒடம்பு தேத்திக்கறதுக்கு' என்றார்கள். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் நான் அச்சகத்திலேயே இருந்தேன்.

பத்திரிகை நிற்கவில்லை. அத்தையின் படத்தை அச்சடிக்க வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும். பிளாக் எடுக்கிறவர் வேலூரில்தான் இருந்தார். அப்பா காலை பஸ்ஸில் படத்தைச் சுருட்டி எடுத்துப் போவார். முதலில் ஆஸ்பத்திரி. அம்மா கட்டிலில் சாய்ந்து படத்தைப் பார்த்து, வார்த்தையைச் சொல்வாள். அப்பா சிகரெட் அட்டையில் எழுதிக்கொள்வார். பிறகு பிளாக். சாயங்கால பஸ்ஸில் பிளாக்கும் வார்த்தையும் ஒரே மஞ்சள் பையில் வந்து இறங்கும். அந்தப் பையை நான்தான் முதலில் முகர்வேன். டெட்டால் வாசனை அடிக்கும்.

அந்த நாட்களில் தொடங்கியதுதான் சொட்டுவின் கதை. அச்சகத்துக்குப் பின்னால் காகித நறுக்குத் தின்ன வரும் கழுதைகளில் ஒரு குட்டி உண்டு. நெற்றியில் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. அதனால் சொட்டு.

முதல் பக்கத்தில் குளக்கரை வேப்பமரம், அடியில் குட்டியும் தாயும் ஒட்டி நிற்கின்றன. பின்னால் கோபுரப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஒற்றைச் சிகர மலை. அம்மா சொல்லி அனுப்பிய வார்த்தை: 'இது சொட்டு. இது அம்மா.'

அடுத்த வாரம் ஒரு மஞ்சள் காகிதம் காற்றில் பறந்தது. சொட்டு அதன் பின்னாலேயே போய்த் தொலைந்துபோனது. அதற்குப் பிறகு வாரம் ஒரு பக்கம். வாரம் ஒரு பிராணியிடம் வழி கேட்டது. 'ஆட்டைக் கேட்டது. ஆடு மென்றுகொண்டே இருந்தது.' 'குரங்கைக் கேட்டது. குரங்கு பழம் இருக்கிறதா என்று கேட்டது.'

நான் அப்பாவிடம் கேட்டேன், "சொட்டு எப்பப்பா அவங்கம்மாகிட்டப் போவும்?"

அவர் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். கை நிற்காமல் சொன்னார். "அது போய்ச் சேர்ற அன்னிக்கு உங்கம்மாவும் வந்துருவா."

என்னை அன்றைக்குச் சமாளிக்கச் சொன்ன வார்த்தை. ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அத்தை எங்கே உட்கார்ந்தாலும் பின்னால் போய் நிற்பேன்.

"அத்த, இந்த வாரம் சேத்துடு அத்த."

"பாதி வழிதான்டி வந்துருக்குது. எப்படிச் சேக்கறது?"

"ஓடச் சொல்லு."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள். அப்பா அவளிடம் வேறு சொன்னார் என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 'இன்னும் கொஞ்சம் இழு மல்லிகா. முடிச்சிடாத.' நான் அவசரப்படுத்தினேன், அவர் தாமதப்படுத்தினார். நடுவில் அந்தக் குட்டி நடந்துகொண்டே இருந்தது.

எதிர்ல வரும் கழுதை

நடந்தது சரி, எந்தப் பக்கம் என்பதுதான் சண்டை.

சொட்டு எல்லாப் பக்கத்திலும் இடப்பக்கமாகவே நடந்தது. படிக்கிற கண் இடமிருந்து வலம் போக, குட்டி வலமிருந்து இடம் வந்தது. வெளியூர் ஏஜெண்டுகள் கேட்டார்கள், 'என்ன சார், கழுதை திரும்பி வருதா?' எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. மலையைச் சுற்றுகிறவருக்கு மலை எப்போதும் வலக்கைப் பக்கம். பாதைக்கு வெளியே நின்று, மலையைப் பார்த்தபடி, நடக்கிற ஆளை வரைந்து பாருங்கள். படத்தில் அவர் இடப்பக்கமாகத்தான் போவார். வலப்பக்கமாகத் திருப்பினால் மலையைத் தப்பாகச் சுற்றுகிறார் என்று பொருள்.

"கழுதைக்கு இன்னாத்துக்குடி கிரிவலம்?" என்று அப்பா கத்தினார்.

அத்தை இன்னொரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளைத் தாள்

மார்கழி வந்தது. கல்யாணம் இல்லை, கலர் காகிதம் இல்லை. வெள்ளைத் தாளில் சொட்டு நடந்தது. பின்னால், கிரிவலப் பாதையின் மறுகோடியில் அடி அண்ணாமலைப் பக்கத்து மலை, சிகரம் பிரிந்து பிரிந்து.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் பிளாக் மட்டும் வந்தது. பையில் வார்த்தை இல்லை.

"என்னப்பா சொன்னாங்க அம்மா?"

"தூங்கினு இருந்தா. எழுப்பல."

படத்துக்குக் கீழே அவரே ஒரு வரி போட்டிருக்கலாம். எழுத்துப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு வார்த்தைக்கு உண்டான இடத்தை அப்படியே வெறுமையாக விட்டு மிஷின் பெடலை மிதித்தார். அடுத்த வாரமும் அப்படியே. இதில் வேடிக்கை, அந்த இதழ்களைத்தான் கடைக்காரர்கள் ஜாஸ்தி கேட்டார்கள். பிள்ளைகள் வெற்றிடத்தைப் பார்த்துத் தாங்களே ஏதேதோ சொல்லிக்கொண்டார்களாம்.

நான் என்ன சொல்லிக்கொண்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

பொங்கலுக்கு முன்னால் அம்மாவை வேனில் கொண்டுவந்தார்கள். அவள் வந்துவிட்டாள் என்றுதான் நான் தெருவில் ஓடினேன்.

அதற்குப் பிறகு 'குட்டிக்கரணம்' வரவில்லை. நிறுத்துகிறோம் என்று ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. தை பிறந்து, ரோஸ் தாள் மிஞ்சி, மூலையில் குவிந்து, மங்கி, எலிகளுக்குப் போனது. அப்பா சாகும்வரை கல்யாணப் பத்திரிகை அடித்தார். அத்தை பிறகு கடை போர்டு எழுதினாள், ஸ்கூல் சுவரில் படம் போட்டாள். கழுதை வரையவில்லை.

குக்கர் மலை

போன வாரம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். இப்போது அங்கே திரும்பிய பக்கமெல்லாம் காஃபி கடை. அத்தை மாடி அறையை ஓர் இத்தாலிக்கார அம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். "என் குடித்தனம்" என்றுதான் சொல்வாள். முட்டி வலி. கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. வாய் மட்டும் அப்படியே.

விஷயத்தைச் சொன்னேன். பதிப்பகம், புத்தகம், கடைசிப் பக்கம்.

"வேற யாரோ வரைஞ்சிடுவாங்க அத்த. நீயே ஒண்ணு வரைஞ்சு குடு."

"நான் வரைஞ்சிடுவேன் பாப்பா. வார்த்த யாரு போடறது?"

"நான் போடறேன்."

"நீயா? நீ ஒரு வரின்னு ஆரம்பிச்சு ஒம்போது பக்கம் எழுதுவ. பாக்கறன்ல வாராவாரம்."

பையிலிருந்த பழைய இதழ்களை எடுத்து, சொட்டு வரும் பக்கங்களைப் பிரித்துப் பிரித்துத் தரையில் வரிசையாக, இடமிருந்து வலமாக வைக்க ஆரம்பித்தேன்.

"இன்னாடி இது, உங்கப்பன் மாதிரியே வெக்கற?"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களைக்குப் போய்ப் பெரிய குக்கரைக் கொண்டுவந்து கூடத்துக்கு நடுவில் வைத்தாள்.

"இது மலை. இத சுத்தி வை. வேப்பமரத்துப் பக்கத்துலருந்து ஆரம்பி. அதுக்கு எடப்பக்கம் அடுத்தது. படத்தோட தல மலைய பாக்கணும்."

வைத்தேன். குக்கரைச் சுற்றி மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பிறகு வெள்ளை. வைக்க வைக்கத்தான் தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் பின்னால் இருந்த மலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. ஒற்றைச் சிகரம், சரிந்த தோள், இரண்டாய், மூன்றாய். நான் அது அத்தையின் நோய் என்று நினைத்திருந்தேன்.

"ஒவ்வொரு வாரமும் அந்தந்த எடத்துக்குப் போயி வரைஞ்சியா அத்த?"

"பின்ன? சைக்கிள்ள போயி, வெயில்ல குந்திகினு." பெருமூச்சு விட்டாள். "உங்கம்மா ஒரு பௌர்ணமி விடாம சுத்தறவ. அங்க படுத்துகினு, 'மல்லிகா, மலை கண்ணுலயே நிக்குது, காட்டமாட்டேங்கறாங்களே'ன்னு அழுதா. நானு, 'அழுவாத அண்ணி, வாரத்துக்குக் கொஞ்சம் அனுப்பி வெக்கறேன், நீ காயிதத்துலயே சுத்தி வா'ன்னு சொல்லிட்டேன். அவ கும்புட்டுகினே பாப்பாளாம். அப்புறம் எப்படி நான் கழுதையத் திருப்புவேன்?"

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, சுத்து முடிஞ்சா இன்னா ஆவும்னு கேப்பாரு. எனக்கும் அதான பயம்."

அவளை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, குக்கரைச் சுற்றிப் படம் படமாக நடந்தேன். ஒவ்வொன்றிலும் அவள் நின்றாள். "இந்த ஆடு நெஜ ஆடு. என் தாவணிய தின்னுது." மாடியிலிருந்து இறங்கி வந்த இத்தாலிக்கார அம்மா எங்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு எங்களுக்குப் பின்னால் பயபக்தியோடு நடக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு வரா இவ?" என்றாள் அத்தை கிசுகிசுப்பாக.

"மலையாம்."

"குக்கர்னு சொல்லிடாத. பாவம்."

வெள்ளைத் தாள்களுக்கு வந்தோம். வார்த்தை இல்லாத பக்கங்கள். பிறகு தாள் முடிந்து வெறும் சிமெண்ட் தரை. அதைத் தாண்டி மறுபடியும் முதல் பக்கத்தின் மஞ்சள்.

அத்தை தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். நான் கொண்டுவந்த புதுத் தாளை அந்த வெற்றிடத்தில் வைத்தேன். அவள் கை தாளுக்கு மேலே அப்படியே நின்றது. விரலில் மை இல்லாத அவள் கையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

"வரல பாப்பா."

நான் கடைசிப் பக்கத்துக் குட்டியைப் பார்த்தேன். எவ்வளவு தடவை பார்த்த படம். தனியாக எடுத்துப் பார்த்தால் அது சும்மா வெளியே, தாளின் ஓரத்தைப் பார்க்கிறது. இங்கே, இந்தத் தரையில், காலி சிமெண்டுக்கு அப்பால் அது பார்ப்பது வேப்பமரத்தை. மலை முழுச்சுற்று திரும்பி மறுபடி ஒற்றைச் சிகரமாகும் இடம் அதுதான். அங்கே தாய் நிற்கிறது. ஒட்டிக்கொண்டு குட்டியும்.

மஞ்சள் தாளைத் தொட்டேன். "அத்த, இதையே கடைசியாவும் போட்டுடலாமா?"

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல உரக்கப் படித்தாள்.

"இது சொட்டு. இது அம்மா."

மின்விசிறிக் காற்றில் தாள்களின் ஓரங்கள் படபடத்தன. இத்தாலிக்கார அம்மா குக்கருக்குக் கைகூப்பிவிட்டு வெளியே போனாள்.

"நடுவுல நாலஞ்சு வெள்ளத் தாளு விடச் சொல்லு அந்தப் பையன," என்றாள் அத்தை. "ஒண்ணும் அடிக்கக் கூடாது. அது நடந்து வரட்டும்."

பேனாவை மூடினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மலைய எடுத்துக் குடு. சோறு வெக்கணும்."